கடலையும் மனிதரையும் கணக்கில் வைத்த நாடு

ஜூன் மாதத்தில் நெதர்லாந்தின் எந்தத் தெருவில் நடந்தாலும் சில வீடுகளின் முகப்பில் சிவப்பு, வெள்ளை, நீலக் கொடி பறக்கும். கம்பத்தின் நுனியில் ஒரு பழைய புத்தகப்பை தொங்கும். அந்த வீட்டுப் பிள்ளை பள்ளி இறுதித் தேர்வில் தேறிவிட்டது என்று ஊருக்குச் சொல்லும் வழி அது. சட்டம் கிடையாது, சுற்றறிக்கை கிடையாது. முடிவு வந்த அன்று பின்னேரமே தெருவெங்கும் பைகள் ஆடத் தொடங்கிவிடும். மற்ற நாட்களில் கொடியை மடித்து அலுமாரிக்குள் வைத்துவிடுவார்கள். ஏப்ரல் 27, அரசர் பிறந்தநாளில் செம்மஞ்சள் நாடாவோடு வெளியே வரும். மே 4 மாலை போரில் இறந்தவர்களுக்காக அரைக்கம்பத்தில் நிற்கும். மறுநாள் விடுதலை நாளுக்கு முழுக்கம்பம் ஏறும். 2022-இல் நைட்ரஜன் கட்டுப்பாடுகளை எதிர்த்த விவசாயிகள் அதைத் தலைகீழாகக் கட்டினார்கள். பாலங்களிலும் விளக்குக் கம்பங்களிலும் மாதக்கணக்கில் அப்படியே தொங்கியது.

2015-இல் என் மகள் தேறினாள். இவர் ஏணியைப் பிடிக்க, நான் ஏறி, பல்லுப்போன சிப்போடு கிடந்த அவளுடைய நீலப் பையைக் கம்பத்தில் மாட்டினேன். எதிர்வீட்டுக்காரர் வாசலில் நின்று கைதட்டினார். எனக்கு நெஞ்சு நிறைந்து போயிருந்தது. பிள்ளையைப் பற்றிய பெருமை அது, சரி. கொடியைப் பற்றியும் இருந்ததா என்று அன்றிரவு யோசிக்கத் தொடங்கினேன். இன்னும் யோசிக்கிறேன்.

நான் யாழ்ப்பாணத்தில் பிறந்தவள். போர்த்துக்கேயரிடமிருந்து ஒல்லாந்தர் பிடித்து, ஐங்கோணமாக மாற்றிக் கட்டிய கோட்டையைப் பார்த்து வளர்ந்தவள். 1658 முதல் 1795 வரை எங்கள் ஊரை ஆண்டவர்களின் நாட்டுக்கு 1990-இல் அகதியாக வந்தேன். அண்ணா எனக்கு முன்னமே, 1985-இல் வந்துவிட்டார். அந்த ஆண்டு தமிழர்கள் ஆயிரக்கணக்கில் வந்து இறங்கியபோது, அவர்களுக்கென்றே அரசு ஒரு தனி ஏற்பாடு செய்தது. கட்டில், குளியல், ரொட்டி என்றுதான் அதற்குப் பெயர். மற்றவர்களுக்குக் கிடைக்கும் சமூக உதவித்தொகை தமிழர்களுக்கு இல்லை. படுக்க இடம், உண்ண உணவு, கொஞ்சம் கைச்செலவு. 1987-இல்தான் புதிய ஒழுங்கு வந்து, அகதிகளை நாடெங்கும் உள்ள சிற்றூர்களுக்குப் பிரித்து அனுப்பினார்கள். அப்படித்தான் தென்மேற்கு மூலையில், கடலுக்கு நடுவே கிடக்கும் ஜேலாண்ட் மாகாணத்துக்கு நாங்கள் வந்து சேர்ந்தோம்.

அகதிக்கு நன்றியுணர்வு இருக்க வேண்டும் என்று எல்லோரும் எதிர்பார்ப்பார்கள். எனக்கு அது உண்டு, நிறையவே உண்டு. உயிரோடு இருக்கிறேன், பிள்ளை படித்தாள், இரவில் கதவு தட்டும் சத்தத்துக்குப் பயப்படாமல் உறங்குகிறேன். ஆனால் நன்றி விருந்தாளியின் உணர்வு. பெருமையும் வெட்கமும் வீட்டுக்காரருடையவை. குடியுரிமை தந்த அரச ஆணை தபாலில்தான் வந்தது, இப்போதுபோல உறுதிமொழியும் விழாவும் அந்தக் காலத்தில் இல்லை. கடிதத்தை வாசித்து அலுமாரியில் வைத்தேன். வீட்டுக்காரியாக ஆனது பல ஆண்டுகள் கழித்து, வேலை செய்த இடத்தில், ஓர் இரவில்.

முதியோர் இல்லத்தில் பராமரிப்பாளராக இருந்தேன். 2013 டிசம்பர் 5. பிள்ளைகளுக்குப் பரிசு கொண்டுவரும் சின்டர்கிளாஸ் என்ற புனிதரின் பண்டிகை. பின்னேரம் அவருடைய வேலையாள் வேடத்தில், முகத்துக்குக் கறுப்பு மை பூசி, உதட்டுக்குச் சிவப்பு தீட்டி, சுருட்டை முடித் தொப்பி போட்ட இரண்டு பேர் இனிப்பு வீச வந்தார்கள். கூடத்தில் இருந்த ஒரு முதியவர் என்னைக் காட்டி, "இவளுக்கு மை தேவையில்லை" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். தீய மனதோடு சொன்னதில்லை என்று பிறகு எத்தனையோ பேர் எனக்கு விளங்கப்படுத்தினார்கள். அது எனக்கும் தெரியும். வலித்தது, அவ்வளவுதான். தட்டுகளை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போய்விட்டேன்.

அன்றிரவே வடமேற்குக் காற்று எழும்பியது. வட கடலில் புயல். எண்பதை நெருங்கிய அம்மா ஒருவர் படுக்கவே மறுத்தார். மேலங்கியோடும் சப்பாத்தோடும் கட்டில் விளிம்பில் உட்கார்ந்திருந்தார். "கதவுகளை மூடிவிட்டார்களா?" என்று கேட்டார். எந்தக் கதவு என்று எனக்குத் தெரியும். ஊஸ்டர்ஸ்கெல்ட முகத்துவாரத்தில், ஒன்பது கிலோமீட்டர் நீளத்துக்கு நிற்கும் தடுப்பின் 62 இரும்புக் கதவுகள். கடல்மட்டம் மூன்று மீட்டரைத் தாண்டும் என்று கணிப்பு வந்தால் அவற்றை இறக்குவார்கள். கைப்பேசியில் பார்த்து, "மூடிவிட்டார்கள்" என்றேன். "நீயே பார்த்தாயா?" என்றார். திரையை அவர் கண்ணுக்கு நேரே பிடித்தேன். கண்ணாடியைப் போட்டு, எழுத்தெழுத்தாக வாசித்தார். பிறகுதான் சப்பாத்தின் நாடாவை அவிழ்க்க விட்டார்.

அவர் பத்தொன்பது வயதில் 1953 வெள்ளத்தைக் கண்டவர். ஜனவரி 31 சனிக்கிழமை இரவு. மறுநாள் விடியும்முன் அணைகள் உடைந்தன. அந்தக் காலத்தில் இரவில் வானொலி கிடையாது. எச்சரிக்கை போய்ச் சேர வேண்டிய பல ஊர்களுக்குச் சேரவேயில்லை. 1,836 பேர் செத்தார்கள், பெரும்பாலோர் இந்தத் தீவுகளில். இவர்கள் பரணில் ஏறி இரண்டு நாள் இருந்தார்களாம். முதல் நாள் தொழுவத்தில் மாடுகள் கத்திக்கொண்டே இருந்தன, பிறகு கத்தவில்லை. இதை மட்டும்தான் என்னிடம் சொன்னார். அதற்குமேல் நான் கேட்டதுமில்லை. போரைப் பார்த்தவளுக்கு, எந்த இடத்தில் கேள்வியை நிறுத்த வேண்டும் என்று தெரியும்.

எங்கள் தீவில் உடைந்த கடைசி இடத்தை 1953 நவம்பர் 6-ஆம் தேதி, அவ்வர்கெர்க்கில்தான் அடைத்தார்கள். நோர்மண்டித் தரையிறக்கத்துக்காகச் செய்த ராட்சதக் கொங்கிறீட் பெட்டிகளை இழுத்து வந்து உடைப்பில் இறக்கினார்கள். அந்தப் பெட்டிகளுக்குள்தான் இன்று வெள்ள அருங்காட்சியகம் இருக்கிறது. அணைகள் தாழ்வாக இருக்கின்றன என்று யோகான் வான் வேன் என்ற பொறியியலாளர் வெள்ளத்துக்கு முன்பே எச்சரித்திருந்தார். நாடு அப்போது போரிலிருந்து எழும்பிக்கொண்டிருந்தது, கேட்க யாருக்கும் அவகாசமில்லை. வெள்ளத்துக்குப் பிறகு கேட்டார்கள். கேட்டது மட்டுமில்லை, தலைமுறை தாண்டியும் விடாமல் கட்டினார்கள். முகத்துவாரத்தை ஒரேயடியாக அடைப்பதுதான் முதல் திட்டம். எழுபதுகளில் மீனவர்களும் சூழலியலாளர்களும் சண்டை பிடித்தார்கள்: அடைத்தால் சிப்பியும் மட்டியும் சாகும், ஏற்றவற்றம் போய்விடும் என்று. அரசு இறங்கி வந்தது. செலவு பெருகினாலும் பரவாயில்லை என்று, சாதாரண நாளில் திறந்திருந்து புயலில் மட்டும் மூடும் தடுப்பாக மாற்றி 1986-இல் திறந்தார்கள். கடலையும் விட்டுக்கொடுக்கவில்லை, மனிதரையும் விட்டுக்கொடுக்கவில்லை. நான் இந்த நாட்டில் கண்ட மிகப் பெரிய விடயம் இதுதான்.

இதற்குப் பின்னால் இருப்பது வீரம் அல்ல, கணக்கு. நீர் வாரியங்கள் இங்கே பதின்மூன்றாம் நூற்றாண்டிலிருந்து இருக்கின்றன, இந்த அரசைவிடப் பழையவை. ஒரு காலத்தில் இரண்டாயிரத்துக்கும் மேல் இருந்தவை இணைந்து இணைந்து இன்று 21. தேர்தல் நடக்கும், வரிச்சீட்டு வரும். எந்த அணை எத்தனை சென்ரிமீட்டர் தாழ்ந்திருக்கிறது, எந்த வாய்க்காலில் எவ்வளவு தண்ணீர் நிற்க வேண்டும், யார் எவ்வளவு கட்ட வேண்டும் என்று எல்லாம் பதிவில் இருக்கும். நாட்டில் ஏறத்தாழ கால்வாசி கடல்மட்டத்துக்குக் கீழே. ஒரு வருடம் கணக்கு எழுத மறந்தால் தண்ணீர் மறக்காது. அந்த வரிச்சீட்டு வீட்டுக்கு வரும்போது எனக்கு உண்மையிலேயே பெருமையாக இருக்கும். அந்தப் பணத்தைக் கட்டும்போதுதான் நான் இந்த ஊர்க்காரி.

ஆனால் அதே பதிவேட்டுப் புத்தி வேறு என்னவெல்லாம் செய்தது என்றும் தெரிந்துகொண்டேன். அங்கேதான் என் மனம் இரண்டாகிறது.

போருக்கு முன்பே நெதர்லாந்தின் மக்கள் பதிவேட்டில் ஒவ்வொருவருடைய மதமும் எழுதியிருந்தது. தீங்கு நினைத்து எழுதியதில்லை, ஒழுங்குக்காக எழுதியது. 1940-இல் ஜெர்மானியர் வந்தார்கள். 1941 ஜனவரியில் யூதர்கள் தங்களைப் பதிவு செய்ய வேண்டும் என்று ஆணை வந்தது, ஏறக்குறைய எல்லோரும் பதிந்தார்கள். பதிந்தவர்களும் பதிவை ஏற்ற எழுத்தர்களும் சட்டத்தை மதித்துப் பழகியவர்கள். மக்கள் பதிவேடுகளை மேற்பார்த்த அரசுத் துறையின் தலைவர் யாகோப் லென்ட்ஸ், கள்ளமாக அச்சிட மிகக் கடினமான ஓர் அடையாள அட்டையை வடிவமைத்துக் கொடுத்தார். அவரை நாஜி என்று சொல்வதைவிடத் தன் வேலையில் கெட்டிக்காரர் என்று சொல்வதுதான் பொருந்தும், அதுதான் என்னைப் பயமுறுத்துகிறது. நாட்டில் இருந்த சுமார் 1,40,000 யூதர்களில் நான்கில் மூன்று பங்கினர் கொல்லப்பட்டார்கள். மேற்கு ஐரோப்பாவில் இவ்வளவு பெரிய விகிதம் வேறெங்கும் இல்லை. வெஸ்டர்போர்க் முகாமிலிருந்து ரயில்கள் நேரம் தவறாமல் புறப்பட்டன. அரசின் பெயரால் ஒரு பிரதமர் இதற்கு மன்னிப்புக் கேட்க 2020 ஜனவரி வரை ஆனது.

அந்த இருட்டிலும் நான் பிடித்துக்கொள்ள ஒரு கதை இருக்கிறது. 1943 மார்ச் 27 இரவு, ஆம்ஸ்டர்டாமில் மிருகக்காட்சிச்சாலைக்குப் பக்கத்தில் இருந்த மக்கள் பதிவகத்துக்குள் காவல்துறைச் சீருடை அணிந்து சிலர் நுழைந்தார்கள். ஓவியரும் எழுத்தாளருமான வில்லெம் அரோண்டேயஸ், சிற்பி கெரிட் வான் டெர் வேன், இன்னும் பலர். காவலாளிகளுக்கு மயக்க ஊசி போட்டு, வெளியே கொண்டுபோய்க் கிடத்திவிட்டு, பதிவு அட்டைகளை இழுப்பறைகளிலிருந்து கொட்டித் தீ வைத்தார்கள். தீயணைப்புப் படையினர் வேண்டுமென்றே மெதுவாக வந்து, வேண்டியதைவிட அதிகமாகத் தண்ணீர் அடித்து மிச்ச அட்டைகளையும் ஊறவைத்தார்கள். முழுதாக அழிக்க முடியவில்லை, ஒரு பகுதிதான் போனது. காட்டிக்கொடுக்கப்பட்டு, பன்னிரண்டு பேர் ஜூலை 1-ஆம் தேதி சுட்டுக் கொல்லப்பட்டார்கள். தன்பால் விருப்பமுள்ளவர்கள் கோழைகள் அல்லர் என்று உலகத்துக்குச் சொல்லும்படி அரோண்டேயஸ் கடைசியாகக் கேட்டுக்கொண்டார். 2001 ஏப்ரலில், உலகிலேயே முதலாவதாக, அதே நகரத்தில் ஒருபால் திருமணங்கள் சட்டப்படி நடந்தன. அந்தத் திருமணங்களையும் ஒரு பதிவேட்டில்தான் எழுதினார்கள். கணக்கு எழுதுபவர்களின் நாட்டில் கணக்கை எரிக்கத் துணிந்தவர்களும் இருந்தார்கள். எனக்கு இந்த நாட்டில் யாரைப் பார்த்துப் பெருமை என்று கேட்டால், இவர்களுடைய பெயர்களைத்தான் முதலில் சொல்வேன்.

இங்கே கடைசியாக வீடு வீடாக நடந்த குடிசன மதிப்பீடு 1971-இல். அந்த முறையே ஏகப்பட்ட எதிர்ப்பு. எங்களை எதற்காக எண்ணுகிறீர்கள் என்று மக்கள் கேட்டார்கள். 1981-க்கு நடத்தும் திட்டத்தையே கைவிட்டார்கள். பட்டியல் என்றால் என்னவென்று தெரிந்த தலைமுறை அப்போது உயிரோடிருந்தது.

இனி என் ஊருக்கு வருகிறேன். ஒல்லாந்தர் யாழ்ப்பாணத்தில் செய்ததில் பெரும்பகுதி எழுத்துவேலை. காணிகளைத் தோம்பு என்ற பதிவேட்டில் பதிந்தார்கள், ஆட்களைத் தோம்பில் பதிந்தார்கள். வரிக்கும் ஊழியத்துக்கும் அதுவே அடிப்படை. யானைகளைப் பிடித்து விற்றார்கள், சங்கும் முத்தும் சாயவேரும் ஏற்றினார்கள், எல்லாவற்றுக்கும் கணக்கு வைத்தார்கள். 1707-இல் எங்கள் வழமைகளைத் திரட்டித் தேசவழமையாக எழுதுவித்து, பன்னிரண்டு முதலிமாரிடம் கொடுத்துச் சரிபார்த்தார்கள். எங்கள் குடும்பக் காணிப் பிரச்சினையை இன்றைக்கும் யாழ்ப்பாண நீதிமன்றத்தில் அந்தச் சட்டப்படிதான் தீர்க்கிறார்கள். அம்மாவின் சீதனக் காணி எனக்கு வந்ததும் அந்த வழிதான்.

இரண்டு கரையிலும் ஆட்களையும் விற்றார்கள். 1659-க்குப் பின் தஞ்சாவூர்ப் பக்கம் போரும் பஞ்சமும் வந்தபோது, சோற்றுக்காகத் தங்களையும் பிள்ளைகளையும் விற்ற ஆயிரக்கணக்கான தமிழர்களை நாகப்பட்டினத்திலிருந்தும் பிற துறைகளிலிருந்தும் பத்தாவியாவுக்கும் (இன்றைய ஜகார்த்தா) இலங்கைக்கும் ஏற்றினார்கள். தலைக்கு என்ன விலை, வழியில் எத்தனை பேர் செத்தார்கள் என்றும் எழுதி வைத்தார்கள். இதையெல்லாம் செய்த ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கும்பனியின் ஏடுகள் ஹேக் நகரத் தேசிய ஆவணக்காப்பகத்தில் ஒரு கிலோமீட்டருக்கும் அதிகமான நீளத்துக்கு அடுக்கப்பட்டிருக்கின்றன. சென்னையிலும் கொழும்பிலும் மிச்சம் இருக்கிறது.

2022 டிசம்பர் 19-ஆம் தேதி பிரதமர் மார்க் ருட்டே அடிமை வணிகத்துக்காக மன்னிப்புக் கேட்டார். கேட்ட இடம் அதே ஆவணக்காப்பகம். நான் வீட்டில் தொலைக்காட்சி முன்னால் நின்றுகொண்டே பார்த்தேன். ஆப்பிரிக்காவிலிருந்து அட்லாண்டிக் கடந்து ஏற்றப்பட்ட ஆறு இலட்சம் பேரைச் சொன்னார். தென்னமெரிக்காவில் இவர்கள் ஆண்ட சுரினாமைச் சொன்னார். பிறகு ஆசியாவைச் சொன்னார்: கும்பனியின் ஆட்சிப் பகுதிகளில் 6,60,000-இலிருந்து பத்து இலட்சத்துக்கும் மேற்பட்டோர் வரை விற்கப்பட்டார்கள், எத்தனை பேர் என்றுகூடச் சரியாகத் தெரியாது என்று. அந்த இடத்தில் என் கால் தளர்ந்தது, கதிரையில் உட்கார்ந்துவிட்டேன். எங்களைச் சொல்கிறார். நாகப்பட்டினத்துக் கடற்கரையில் கப்பலேறியவர்களைச் சொல்கிறார். எங்கள் பெயரில்லாத சனத்தை இந்த நாட்டின் பிரதமர் ஒருவர் வாய் திறந்து சொல்லக் கேட்பேன் என்று நான் நினைத்ததில்லை.

மகள் பக்கத்தில் இருந்தாள். "அம்மா, நீங்கள் இப்ப எந்தப் பக்கம்? மன்னிப்புக் கேக்கிற பக்கமா, கேக்கப்படுற பக்கமா?" என்றாள்.

"ரெண்டும்தான் பிள்ளை" என்றேன். ருட்டே பேசியது அரசின் பெயரால். நான் வாக்களிக்கும், வரி கட்டும் அரசு அது. அவர் மன்னிப்புக் கேட்டபோது அதில் என் குரலும் சேர்த்தி.

மூன்றாவதாக ஒரு பக்கமும் உண்டு, அதை அன்று நான் அவளுக்குச் சொல்லவில்லை, பிறகு சொன்னேன். ஒல்லாந்தர் எழுதிய அதே தேசவழமையில் அடிமைகளைப் பற்றி ஒரு பகுதி இருக்கிறது. கோவியர், நளவர், பள்ளர் என்று எங்கள் ஊர்ச் சனத்தையே அடிமைகள் என்று எழுதி, எசமானுக்கு என்னென்ன உரிமை என்று வகுத்திருக்கிறது. அந்த வழமையை ஒல்லாந்தர் கப்பலில் கொண்டுவரவில்லை. நாங்கள் சொன்னோம், அவர்கள் எழுதினார்கள், சட்டமாக்கினார்கள். இலங்கையில் அடிமைமுறையைச் சட்டம் முற்றாக ஒழித்தது 1844-இல், ஆங்கிலேயர் காலத்தில். எங்கள் பக்கத்திலிருந்து அந்தச் சனத்திடம் யாரும் மன்னிப்புக் கேட்டு நான் கேள்விப்பட்டதில்லை. கோயில் கதவு திறப்பதற்கே அவர்கள் எங்கள் காலத்தில் அடிவாங்க வேண்டியிருந்தது. ஹேக்கில் நின்று கேட்ட மன்னிப்பு நூற்றைம்பது ஆண்டுகள் பிந்தியதுதான். ஆனால் கேட்டுவிட்டார்கள். அதை எங்கள் சங்கக் கூட்டங்களில் நான் சொல்லும்போது சிலருக்குப் பிடிப்பதில்லை. பிடிக்காவிட்டாலும் சொல்வேன்.

மறு ஆண்டு ஜூலை 1-ஆம் தேதி, ஆம்ஸ்டர்டாம் ஊஸ்டர்பார்க்கில் அரசர் வில்லெம்-அலெக்சாண்டரும் மன்னிப்புக் கேட்டார். அந்த விழாவுக்கு அண்ணாவும் நானும் போயிருந்தோம். 1863-இல் அடிமைமுறையை ஒழித்தபோது சுரினாமில் ஒரு தலைக்கு 300 குல்டன் நட்டஈடு கொடுத்தார்கள், எசமான்களுக்கு. விடுதலையானவர்கள் இன்னும் பத்து ஆண்டுகள் கட்டாய ஒப்பந்தத்தில் உழைக்க வேண்டியிருந்தது. எங்களுக்கு முன்னால் வெள்ளை உடையும் மடித்துக் கட்டிய தலைத்துணியுமாக ஒரு சுரினாம் அம்மா நின்றார். தன் பூட்டியின் பெயரை அடிமைப் பதிவேட்டில் கண்டுபிடித்ததாகச் சொன்னார். 2018-இலிருந்து அந்தப் பதிவேடுகளை இணையத்தில் தேடலாம். ஆட்களை உடைமையாக எழுதிய ஏடு, பூட்டப்பிள்ளையின் கையில் குடும்ப மரமாகியிருந்தது. அந்தப் பக்கத்தின் படியை நாலாக மடித்துக் கைப்பைக்குள் வைத்திருந்தார்.

இந்தோனேசியாவைப் பற்றி அதிகம் எழுதப் போவதில்லை, அது என்னைவிட நன்றாகச் சொல்லக்கூடியவர்களின் கதை. ஒன்றை மட்டும் சொல்கிறேன். 1945 ஆகஸ்ட் 17 அவர்களின் சுதந்திர நாள். அதை முழுமையாக, தயக்கமின்றி ஏற்கிறோம் என்று நெதர்லாந்துப் பிரதமர் சொன்னது 2023 ஜூனில். அந்தச் சுதந்திரத்தை எதிர்த்து நடத்திய போரில் நெதர்லாந்துப் படை செய்த கொடூரம் தனித்தனிச் சம்பவம் அல்ல, திட்டமுறையிலானது என்று ஆய்வாளர்கள் எழுதிக் கொடுத்தது 2022 பெப்ரவரியில். நூறு வயதை நெருங்கிய விதவைகள் காத்திருந்தார்கள்.

2010 ஜூலை 11. உலகக் கிண்ண இறுதியாட்டம், ஜோகன்னஸ்பேர்க்கில். தெருவெல்லாம் செம்மஞ்சள் தோரணம். நானும் செம்மஞ்சள் சட்டை போட்டு, பக்கத்து வீட்டு முற்றத்தில் பெரிய திரையின் முன்னால் இருந்தேன். மேலதிக நேரத்தில் ஸ்பெயின் கோல் போட்டபோது அழுதேன். அதே நாளின் மாலைச் செய்தியில், போஸ்னியாவின் ஸ்ரெப்ரெனிட்சாவில் புதிதாக அடையாளம் காணப்பட்டவர்களை அடக்கம் செய்துகொண்டிருந்தார்கள். பதினைந்து ஆண்டுகளுக்கு முன், அதே ஜூலை 11-ஆம் தேதிதான் ஐ.நா. பாதுகாப்பு வலயம் என்று அறிவித்திருந்த அந்த ஊர், நெதர்லாந்துப் படையினர் காவல் இருக்கும்போதே விழுந்தது. எட்டாயிரம் ஆண்களும் சிறுவர்களும் கொல்லப்பட்டார்கள். முகாமுக்குள் அடைக்கலம் புகுந்த ஆண்களின் பெயர்களை நெதர்லாந்து அதிகாரி ஒருவர் பட்டியலாக எழுதி வைத்தார், பெயர் பதிவில் இருந்தால் உயிருக்குப் பாதுகாப்பு என்று நம்பி. 239 பெயர்கள். பிறகு அவர்களை வெளியே அனுப்பினார்கள்.

2009-இல் முள்ளிவாய்க்காலைத் தொலைக்காட்சியில் பார்த்த எவருக்கும் பாதுகாப்பு வலயம் என்ற சொல்லைக் கேட்டால் வயிறு கலங்கும். எனக்கு அங்கே ஒரு மாமாவும் அவருடைய பிள்ளைகளும் இருந்தார்கள். அதனால் ஸ்ரெப்ரெனிட்சாத் தாய்மாரைக் காணும்போது நான் அவர்கள் பக்கத்தில்தான் நிற்கிறேன். ஆனால் அந்தப் படைவீரர்கள் அணிந்திருந்தது என் கொடி. 2002-இல் விசாரணை அறிக்கை வந்ததும் விம் கொக் அரசு பதவி விலகியது. 2019-இல் உச்ச நீதிமன்றம், வெளியே அனுப்பப்பட்ட 350 பேரின் மரணத்தில் அரசுக்குப் பத்து வீதம் பொறுப்பு உண்டு என்றது. பத்து வீதம். அதையும் கணக்காகவே சொன்னார்கள். இது போதாது என்று அந்தத் தாய்மார் சொன்னார்கள், எனக்கும் அதுதான் எண்ணம். ஆனாலும் நான் பிறந்த நாட்டில் ஒரு வீதத்துக்குக்கூட யாரும் பொறுப்பேற்கவில்லை என்பதை என்னால் மறக்க முடியவில்லை. ஒப்பிடக் கூடாது என்பார்கள். இரண்டு நாடுகளைச் சுமப்பவள் ஒப்பிடாமல் எப்படி இருப்பது?

பழங்கதை என்று தள்ளிவிட முடியாதது ஒன்று அண்மையில் நடந்தது. பிள்ளை பராமரிப்பு உதவித்தொகை விவகாரம். ஒரு கையெழுத்து விடுபட்டது, தாங்கள் கட்ட வேண்டிய சிறுதொகையில் குறைந்தது என்பதற்கெல்லாம் பெற்றோரை மோசடிக்காரர் என்று முத்திரை குத்தி, பல ஆண்டுத் தொகை முழுவதையும் திருப்பிக் கேட்டது வரித்துறை. பல்லாயிரம் குடும்பங்கள் கடனில் மூழ்கின. வீடு போனது, மணம் முறிந்தது, ஆயிரத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள் பெற்றோரிடமிருந்து பிரிக்கப்பட்டார்கள். யாரைக் கூடுதலாகச் சந்தேகிப்பது என்று கணித்த முறையில், நெதர்லாந்துக் குடியுரிமை இருக்கிறதா இல்லையா என்பதும் ஓர் அளவுகோல். 2014-இலிருந்து மக்கள் பதிவேட்டில் நெதர்லாந்துக்காரர்களின் இரண்டாவது குடியுரிமையை எழுதுவதில்லை. ஆனால் 2018-இலும் 14 இலட்சம் பேரின் இரட்டைக் குடியுரிமைத் தகவல் வரித்துறைக் கணினிகளில் கிடந்ததைத் தரவுப் பாதுகாப்பு ஆணையம் கண்டுபிடித்துத் தண்டம் விதித்தது. பீட்டர் ஓம்ட்சிக்ட், ரென்ஸ்க லெய்ட்டன் என்ற இரண்டு நாடாளுமன்ற உறுப்பினர்கள், வேறு வேறு கட்சிக்காரர்கள், விடாமல் தோண்டியதால்தான் எல்லாம் வெளியே வந்தது. 2021 ஜனவரி 15-இல் அரசு கூண்டோடு பதவி விலகியது. இரண்டே மாதத்தில் தேர்தல் வந்தது, அதே பிரதமரின் கட்சியே முதலிடம் வந்தது.

எனக்கு அப்படி ஒரு கடிதமும் வரவில்லை. ஆனால் இந்த விவகாரத்தைப் பற்றிய அறிக்கையை வாசித்த வாரம் வீட்டில் இருந்த பழைய அரசுக் கடிதங்களையெல்லாம் எடுத்துக் கட்டிலில் பரப்பினேன். என்னை எங்கே, என்னவென்று எழுதி வைத்திருக்கிறார்கள்? கடலைத் தடுக்கும் கந்தோரும் இந்த நாட்டினுடையதுதான், ஒரு தாயைக் கள்ளி என்று எழுதிய கந்தோரும் இந்த நாட்டினுடையதுதான். இரண்டிலும் அதே ஒழுங்கு, அதே மரியாதையான கடித நடை. என் வெட்கம் அந்த வாரம் மிகப் பெரியதாக இருந்தது. 2013 புயலிரவில் வந்த பெருமை எவ்வளவு உண்மையோ, அவ்வளவு உண்மை.

என்னோடு வேலை செய்த ஜேலாண்ட்காரிகளிடம் இதைச் சொன்னால், உனக்கெதற்கு இந்தப் பாரம், நீ இங்கே பிறந்தவளா என்பார்கள். அன்பாகத்தான் சொல்கிறார்கள். வெள்ளத்துக்குப் பிறகு கட்டிய டெல்டா அணைகளைப் பற்றி நான் பெருமையாகப் பேசும்போது மட்டும் யாரும் அப்படிக் கேட்பதில்லை. பெருமையில் பங்கு தருபவர்கள் வெட்கத்திலும் பங்கு தர வேண்டும். அதில்லாமல் நான் எந்த ஊர்க்காரி?

மகள் படித்து முடித்து இப்போது ஒரு நீர் வாரியத்தில் வேலை செய்கிறாள். வரி கட்ட வசதியில்லாதவர்களின் விலக்கு விண்ணப்பங்களைப் பார்க்கும் பிரிவு. வருமானம், வங்கி இருப்பு, வீட்டில் எத்தனை பேர் என்று பார்த்து முடிவெடுக்க வேண்டும். போன கிழமை சோறு சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது சொன்னாள், அவர்கள் பழைய விண்ணப்ப அட்டவணையில் பிறந்த நாடு என்று ஒரு நிரல் இருக்கிறதாம். யாரும் அதைப் பார்ப்பதில்லை, எதற்கு வைத்தார்கள் என்று யாருக்கும் ஞாபகமுமில்லை. கூட்டத்தில் எழும்பி, இது எங்களுக்கு ஏன் வேண்டும் என்று கேட்டிருக்கிறாள். பழைய முறைமையோடு பிணைந்திருக்கிறது, எடுப்பது சிரமம், அடுத்த கூட்டத்தில் பார்ப்போம் என்றார்களாம்.

"அடுத்த கூட்டத்திலயும் கேப்பன்" என்றாள், குழம்பை ஊற்றிக்கொண்டே.